சாமான் ஊட்டுச் சாவி

முதலாளி தம் அறையை விட்டு எழுந்து என் மேசைக்கே வந்து நின்றால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். அன்றைக்கு வந்து நின்றார். ஒரு கையில் கறுப்புத் தோல் போர்த்த காமிராப் பெட்டி. மறு கையில் ஒரு கடிதம்.

"எங்க ஊருக்கு ஒரு நடை போயிட்டு வாங்க" என்றார், தெருமுனையில் வெற்றிலை வாங்கி வரச் சொல்லுகிறவர் போல.

நான் யாழ்ப்பாணத்தான். கொழும்பில் அவருடைய தேயிலைக் கடையில் பத்து வருஷமாகக் குமாஸ்தா. அவருடைய ஊரோ கடலுக்கு அப்பால், கோயம்புத்தூருக்கு வடக்கே, துடியலூரையும் தாண்டி மாட்டு வண்டியில் போக வேண்டிய ஒரு பட்டிக்காடு. நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே போனவர், தமக்குச் சொந்தமான பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, குடியானவர்கள் புழங்கும் சாமான்களையெல்லாம் சேர்த்து வைத்து, அதற்குக் காட்சிசாலை என்று பெயரிட்டுத் திறந்து வைத்தார். "இது தன் கால்ல தானே நிக்கோணும்" என்று திறப்பு விழாவில் பேசிவிட்டுக் கப்பலேறி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அதற்கென்று அவர் ஒன்றும் அனுப்பவில்லை.

கடிதம் அவருடைய மைத்துனரிடமிருந்து வந்திருந்தது. காட்சிசாலையில் காட்சி ஒன்றும் இல்லை, சாலை மட்டுமே இருக்கிறது, அதில் நான் பஞ்சு மூட்டை வைத்துக் கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தார்.

"சாமானெல்லாம் எடத்துல இருந்தா எட்டுப் படம் புடிச்சுட்டு வாங்க. இல்லீன்னா, அங்க காவல் இருக்கிற மாரப்பங்கிட்டச் சாவிய வாங்கி மச்சாங்கிட்டக் குடுத்துப்போட்டு வந்துருங்க" என்றார் முதலாளி. பெட்டிக்குள் இருந்த படச்சுருளில் எட்டுப் படந்தான் எடுக்கலாம். இந்த உத்தரவையே மாரப்பனுக்கு ஒரு கடிதமாகவும் எழுதித் தந்தார்.

கடலில் எனக்குத் தலை சுற்றியதையும், மண்டபம் முகாமில் டாக்டர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்ததையும் எழுதி யாருடைய பசியையும் கெடுக்க விரும்பவில்லை. நேரே கோயம்புத்தூருக்கு வருகிறேன்.

கோயம்புத்தூரில் காற்று குளிர்ச்சி. தண்ணீர் இனிப்பு. எங்கள் ஊர்க் கிணற்று நீரில் பாதி உப்பு, மீதி சுண்ணாம்பு. ஆகவே இரண்டு செம்பு குடித்த பிறகுதான் அது வெறுந் தண்ணீர் என்று நம்பினேன். மில் சங்கு ஊதினால் ஊரே தலையில் பஞ்சுத் துகளோடு தெருவுக்கு வருகிறது. ஆனால் அந்த ஊரில் நான் கண்ட பெரிய ஆபத்து மரியாதை. காப்பி ஓட்டலில் பரிமாறியவர், "ஏனுங்க, இன்னொரு ரண்டு இட்டிலி வெச்சுக்கறீங்களா? உங்களுக்குப் பசி தீரலீங்களாட்ட இருக்குதுங்க" என்று என் வயிற்றின் மேல் எனக்கே இல்லாத கரிசனத்தோடு கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து மூன்று முறை தோற்றேன். பத்து இட்டிலி சாப்பிட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் பஸ்ஸிலும் அதே கதை. துடியலூருக்கு ஒரு மைல் இருக்கும்போது பஸ் இருமிவிட்டு நின்றது. கண்டக்டர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஏனுங்க, உங்களுக்குச் செரமம் இல்லீன்னா, சித்த எறங்கித் தள்ளி உடறீங்களா?" சிரமம் என்று எப்படிச் சொல்வது? அதிகாரத்தோடு சொல்லியிருந்தால் எங்கள் ஊர் ரோசத்தில் சண்டை பிடித்திருப்பேன். நானும் மூன்று பேரும் துடியலூர் வரைக்கும் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே போனோம். கடைசியில் கண்டக்டர் கை கூப்பி, "திரும்பறப்பவும் நம்ம வண்டிலயே வந்துருங்க" என்றார். வருவதாக வாக்குக் கொடுத்தேன். என் புத்தி அப்படி.

அங்கிருந்து மாட்டு வண்டி. கறுப்பு மண்ணும் சோளத் தட்டையும் பார்த்துக்கொண்டே போனோம். காட்சிசாலை எங்கே என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஏர், ஏற்றம் எல்லாம் வைத்திருக்கிற இடம் என்றேன். "அட, சாமான் ஊடுங்களா! அத மொதல்லயே சொல்றதில்லீங்களா? எங்க ஊட்டு மொறங்கூட அங்க வாங்குனதுதானுங்க" என்றார். காட்சிசாலையில் முறம் எப்படி வாங்க முடியும் என்று எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பத்து இட்டிலி மூளையை மந்தமாக்கிவிட்டது.

சாமான் வீட்டு வாசலில் காக்கிக் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் மாரப்பன். நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு கோயம்புத்தூரில் ஒரு சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவராம். கோட்டு அந்தக் காலத்தது. நான் கொழும்பிலிருந்து முதலாளியின் கடிதத்தோடு வந்திருக்கிறேன் என்று சொல்லியும், ஒரு துண்டுச் சீட்டை என் கையில் கொடுத்து, அதை உடனே திரும்ப வாங்கி, பாதியாகக் கிழித்து, மீதியை மறுபடி கொடுத்த பிறகே உள்ளே விட்டார்.

உள்ளே சுவரோரமாக நீள மேடை. மேடை மேல் வரிசையாக அழகான கையெழுத்தில் எழுதிய அட்டைகள். முதல் அட்டையில் ‘கவலைப் பறி: மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் தோல் பை’ என்று எழுதியிருந்தது. அட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய பூசணிக்காய் இருந்தது.

நான் பூசணிக்காயைச் சுற்றி வந்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் அது பூசணிக்காயாகவே இருந்தது. அடுத்த அட்டையில் ‘முறம்’. அங்கே ஒரு குவியல் நிலக்கடலை. ‘வள்ளம்: தானியம் அளக்கும் படி’ என்ற இடத்தில் கொள்ளு. ‘பல்லாங்குழிப் பலகை’ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தேங்காய்.

"இதென்ன அண்ணை! சாமான் ஒண்டையும் காணேல்லை, பூசணிக்காய் கிடக்கு!" என்றேன்.

"அரசாணிக்காய்ங்க" என்று பணிவாகத் திருத்தினார் மாரப்பன். "பறி போன தடவ திரும்பி வந்தப்ப அதுக்குள்ள வந்துச்சுங்க. பறி மறுபடி போயிருச்சு. காய் இங்கயே இருக்குது."

"எங்கே போனது?"

"கேட்டாங்க. குடுத்துப்போட்டேன்."

அவர் நிதானமாக விளக்கினார். ஊரில் யாருக்காவது பறி கிழிந்தால், முறம் உடைந்தால், விருந்தாளி வந்து படி போதாவிட்டால், சாமான் வீட்டுக்கு வருகிறார்கள். ஏனுங்க என்று கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேட்ட பிறகு இல்லை என்று சொல்ல அந்தச் சீமையில் எவருக்கும் வாய் வராது. திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுப்பது அங்கே வழக்கமில்லை. எதையாவது உள்ளே போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தக் கொள்ளும் கடலையும்தான் மாரப்பனுக்குச் சாப்பாடு, கூரைக்கு ஓலை, சுவருக்குச் சுண்ணாம்பு. இப்படித்தான் நாலு வருஷமாக அந்தக் காட்சிசாலை தன் காலில் தானே நின்றுகொண்டிருந்தது. காட்சிப் பொருள்கள் மட்டும் ஊரார் காலில் நடந்துகொண்டிருந்தன.

கேட்டுச் சிரித்தேன். ஆனால் சட்டைப் பையில் முதலாளியின் உத்தரவு இருந்தது. அதைச் சொன்னேன். மாரப்பன் முகம் சுருங்கிப் போயிற்று.

"நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க. அம்புட்டுச் சாமானையும் கொண்டாந்து அடுக்கிப்போடறேன். ஊட்ட மட்டும் மூடீராதீங்க" என்றார்.

எல்லாச் சாமானும் போன பிறகும் அங்கே ஆணியடித்தாற்போல் இருந்தது ஒன்றே ஒன்று. அது முதலாளியின் படம். கண்ணாடிச் சட்டத்துக்குள் கோட்டு இருந்தது, கடிகாரச் சங்கிலி இருந்தது. கழுத்துக்கு மேலே கரையான் தின்றுவிட்டது. தலைப்பாகையின் ஒரு நுனி மட்டும் அந்தரத்தில் நின்றது.

"செல்லு அரிச்சுப்போட்டுதுங்க" என்றார் மாரப்பன், உண்மையான வருத்தத்தோடு. "பொழங்குற சாமான்ல செல்லு ஏறாதுங்க. இவர மட்டும் இந்த நாலு வருசத்துல ஒருத்தரும் கேக்கலீங்க."

மறுநாள் காலையில் மாரப்பன் வீட்டில் எனக்குப் பலகாரம். அவர் மனைவி பாவாத்தாள் இலையில் வைத்தது எங்கள் இடியப்பத்தின் அண்ணன் போல் இருந்தது. சந்தகை என்றார். இடியப்பம் மாவைப் பிழிந்து பிறகு அவிப்பது. இதில் அவித்த உருண்டையைப் பிழிகிறார்கள். தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றி ஆறாவது முறை வாங்கும்போது, அடுப்படியில் நின்ற மரக் கருவியைப் பார்த்தேன். மூன்று கால், மேலே நீண்ட கைப்பிடி. அதன் காலில் ஓர் அட்டை நூலில் தொங்கியது: ‘சந்தகை மரம். தொட வேண்டாம்.’

"ஒறம்பரை வந்திருக்கறப்ப எடுக்காம எப்படீங்க?" என்றார் பாவாத்தாள். ஒறம்பரை என்றால் அங்கே விருந்தாளி. நான் காட்சிப் பொருளைச் சோதிக்க வந்தவன். வயிறு நிறையச் சோதித்துவிட்டேன். முதற் படத்தை அங்கே எடுத்தேன். அதில் சந்தகை மரம் கொஞ்சம், புகை நிறைய.

பிறகு சாமான் திரட்டப் புறப்பட்டோம். ஒரு வீட்டில் பல்லாங்குழிப் பலகையைக் கண்டுபிடித்தோம். நாத்தனார் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நாளாக ஆட்டம் முடியவில்லை, தோற்பவர் ஜெயிப்பவருக்கு ஒரு மாதம் தண்ணீர் சேந்திக் கொடுக்க வேண்டும் என்று பந்தயம். "இப்ப எடுத்தா யாரு செயிச்சதுன்னு நீங்கதானுங்க சொல்லோணும்" என்று என்னிடம் ஒருத்தி சொன்னாள். இருவர் கண்ணையும் பார்த்தேன். படம் ஒன்று எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன். இன்னொரு வீட்டில் கல்யாணச் சீர் சுமக்கிற பெரிய மூங்கில் கூடையில் கோழி அடை படுத்திருந்தது. கோழியிடம் மாரப்பன் ஏனுங்க போடவில்லை, அது ஒன்றுதான் குறை. அதுவும் எழுந்திருக்க மறுத்துவிட்டது.

ஒவ்வொரு வீட்டிலும் மோர், கம்பங்கூழ், வெல்லம். உச்சி வெயிலில் கணக்குப் பார்த்தால், என் வயிற்றில் ஐந்து வீட்டுச் சாப்பாடும் எங்கள் கையில் ஒரே ஒரு மத்தும் சேர்ந்திருந்தன.

கடைசியாகக் கவலைப் பறியைத் தேடிக் கிணற்றுக்குப் போனோம். எங்கள் யாழ்ப்பாணத்தில் துலா மரத்தின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடப்பான், தண்ணீர் மேலே வரும். இங்கே இரண்டு மாடுகள் சரிவில் இறங்குகின்றன, தோல் பை மேலே வருகிறது, அப்புறம் மாடுகள் முதுகுப்புறமாகவே ஏறுகின்றன. பின்பக்கமாக நடக்கும் மாட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவள் குப்பாயி என்ற பெண். இரண்டு பாத்தி நிலத்தில் மிளகாய் நாற்று வைத்திருக்கிறாள். மாடு இரவல், கிணற்றில் முறை இரவல், பறியும் இரவல்.

மாடுகள் இறங்கும்போது அவள் வடக்கயிற்றின் மேல் சும்மா உட்கார்ந்துகொண்டே இறங்கினாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. துலா மிதித்த பரம்பரை அல்லவா! காமிராவை மாரப்பனிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றில் உட்கார்ந்தேன். பாதித் தூரம் ராஜாவைப் போல் போனேன். அப்புறம் பை மேலே வந்து தண்ணீரைக் கொட்டியது, கயிறு தொய்ந்தது, நான் கால் மேலும் தலை கீழுமாக வாய்க்காலில் விழுந்தேன். பதறிப்போன மாரப்பன் விரல் எங்கோ அழுத்த, காமிரா டிக்கென்றது. இடது மாடு திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை.

நான் வேட்டியைப் பிழிந்துகொண்டிருக்கும்போது மாரப்பன் குப்பாயியிடம் விஷயத்தைச் சொன்னார். பறி சாமான் வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டையே மூடிவிடுவார்கள் என்றார். அவள் ஒரு நிமிஷம் நாற்றைப் பார்த்தாள். பிறகு பறியின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"எடுத்துக்குங்க சாமி. இத்தன நாளு குடுத்ததே பெருசு. நாத்து போனாப் போவுதுங்க, ஊடு இருந்தாத்தான் நாளைக்கு இன்னொருத்தருக்கு ஆவும்" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்று வாடும், அதற்குப் பதிலாகப் பூசணிக்காய் இருந்த இடத்தில் ஒரு தோல் பை காய்ந்து விறைத்துக் கிடக்கும், அதை நான் படம் பிடிப்பேன், கொழும்பில் ஒருவர் அதைப் பார்த்துத் திருப்திப்படுவார். இதற்காகவா கடல் தாண்டி வந்தேன்? கட்டை மறுபடி போடச் சொன்னேன். "எல்லாச் சாமானும் அதது இடத்திலேதான் இருக்குது" என்று மாரப்பனிடம் சொல்லிவிட்டு, மத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். மீதிப் படங்களை அங்கங்கே இருந்தபடியே எடுத்தேன். கடைசிப் படம் தலையில்லாத முதலாளி.

மூன்றாம் நாள் மைத்துனர் வந்தார். பின்னாலேயே மூன்று வண்டி பஞ்சு மூட்டை. நல்ல மனிதர். அதுதான் சங்கடம். "ஒண்ணும் அவசரமில்லீங்க. சாப்புட்டுப்போட்டுப் பொறவு சாவி குடுத்தாப் போதும்" என்று தம் வீட்டுக்கு அழைத்துப் போய், நெய் ஒழுகும் ஒப்புட்டை இலையில் போட்டுக்கொண்டே இருந்தார். ஒப்புட்டு என்பது பருப்பும் வெல்லமும் உள்ளே வைத்த ஒரு தேவலோக ரொட்டி. எட்டாவது ஒப்புட்டில் என் மனவுறுதி ஆட்டங் கண்டது உண்மை. தண்ணீர் குடித்து அதை நிலைப்படுத்திக்கொண்டேன்.

சாமான் வீட்டுக்குத் திரும்பி வந்து, அவர் எதிரிலேயே மாரப்பனிடம் சாவியைக் கேட்டேன். மாரப்பன் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாண் நீளச் சாவியை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பூட்டு எங்கே?" என்றார் மைத்துனர்.

மாரப்பன் தலையைச் சொறிந்தார். "பழனிக்கு நடந்து போறவங்க, ஊட்டப் பூட்ட வேணும்னு கேட்டாங்க..."

சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். பூட்டில்லாத கட்டடத்தின் சாவியை ஒப்படைப்பது முறையல்ல, முதலாளியையே நேரில் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றேன். மைத்துனர் சரிங்க என்றார். அந்தச் சீமையில் வேறென்ன சொல்வார்? மூட்டை வண்டிகள் திரும்பின. மாரப்பன் எனக்கு ஒரு பெரிய பூசணிக்காயைப் பரிசாகக் கொடுத்தார். துடியலூரில் அதே பஸ்ஸைத் தள்ளும்போது அது என் தோளில் இருந்தது.

கொழும்பில் முதலாளி எட்டுப் படங்களையும் மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் தலைகீழாக இருந்த படத்தை மட்டும் மூன்று தடவை எடுத்துப் பார்த்தார். நான் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

"என் படத்த ஒருத்தருமே கேக்கலியா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. மூடு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. மறுநாள் ஓர் ஓவியரை வரவழைத்து, கரையான் கடிக்க முடியாதபடி ஆளுயரத் தகரத்தில் தம் உருவத்தை எழுதச் சொன்னார். மீசை நன்றாக வந்திருந்தது. அதைச் சாக்கில் கட்டிக் கப்பலில் ஏற்றினோம்.

இரண்டு மாதம் கழித்து மாரப்பனிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன்.

‘முதலாளியவர்களுக்கு மாரப்பன் வணக்கம். தங்கள் படம் பத்திரமாக வந்து சேர்ந்து ஒரு வாரம் மேடையில் இருந்தது. இப்போது இல்லை. குப்பாயி கேட்டுக்கொண்டபடியால் கொடுத்துவிட்டேன். மேட்டுக் கம்பங்காட்டில் கூலிக்குக் குருவி விரட்டுகிறாள். அங்கே நட்டு வைத்திருக்கிறாள். காற்றில் தகரம் சத்தம் போடுகிறது, வெயிலில் பளபளக்கிறது. தங்கள் மீசையைப் பார்த்து ஒரு குருவியும் அண்டுவதில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள்.’

கடைசி வரியைப் படித்து முடித்தேன். நிமிர்ந்து பார்க்கப் பயந்துகொண்டு நின்றேன். ஒரு வினோதமான சத்தம் கேட்டது. முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"மேட்டுக் கம்பங்காடா! எங்களுக்கு அப்பக் காடேது? எட்டு வயசுல அந்தக் காட்டுலதானுங்க நானுங் கூலிக்குக் குருவி வெரட்டுனேன். பரண்மேல நின்னு தகரத்தத் தட்டித் தட்டிக் கையெல்லாம் காச்சுப் போச்சு. ஒரு குருவி எனக்குப் பயப்படல. சாயங்காலம் காட்டுக்காரரு கூலியப் புடிச்சுக்குவாரு" என்றார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு என்னைக் காகிதம் எடுக்கச் சொன்னார். அறுப்பு முடியும் வரை படம் அங்கேயே இருக்கட்டும், அப்புறம் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கவும் என்று மாரப்பனுக்கு எழுதினோம்.

அன்றைய தபாலில் மைத்துனர் கடிதமும் இருந்தது. பழனிக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள், சாவி இல்லாமல் கொல்லரை வைத்துத் திறந்துகொண்டார்கள், பூட்டு வந்துவிட்டது, இனிச் சாவியை அனுப்பலாமே என்று மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார். நான் கொண்டு வந்து கொடுத்த சாவி முதலாளியின் மேசைமேல், தேயிலைப் பட்டியல் பறக்காமல் இருக்கப் பாரமாக இருந்தது. அவர் அதை எடுத்துச் சிறிது நேரம் கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் நீட்டினார்.

"இத உங்க ஊட்டுக்குக் கொண்டு போயி வெச்சுக்குங்க" என்றார். "மச்சானுக்கு எழுதுங்க. சாவிய ஒருத்தரு ஏனுங்கன்னு கேட்டு எரவல் வாங்கிட்டுப் போயிட்டாரு, மறுக்க முடியலீங்க, எப்பத் திரும்பி வரும்னு தெரியலீங்கன்னு."

அப்படியே எழுதி அனுப்பினேன்.